வண்டி என்ன பாவம் செய்தது?

(திருப்பாச்சூர் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று இங்கு நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், குற்றத்திற்கு உபயோகப்பட்ட வண்டியைச் சட்டம் என்ன செய்கின்றது என்பதாகும். இது வக்கீல்கள் கோர்ட்டில் பேச வேண்டிய விஷயமாயிற்றே, பொதுக்கூட்டத்தில் இதற்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். வக்கீலுக்கு இது ஒரு வழக்கு. உங்களுக்கோ இது வயிறு. இந்தத் திருப்பாச்சூரிலும் சுற்றிலுமுள்ள ஊர்களிலும் மாட்டுவண்டி, டிராக்டர், ஆட்டோ, மினி லாரி என்று ஏதாவது ஒன்றை நம்பித்தான் எத்தனையோ குடும்பங்கள் அடுப்பு மூட்டுகின்றன. அவைகளில் பல கடனுக்கு வாங்கியவை. அந்த வண்டி ஒரு நாள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தப்பட்டுவிட்டால் மாதத் தவணை நிற்பதில்லை; வட்டி நிற்பதில்லை; பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளம் நிற்பதில்லை. வண்டி மாத்திரம்தான் நிற்கின்றது.

ஆகவே குற்றவாளி வண்டியா, வண்டியை ஓட்டினவனா, சரக்கை ஏற்றி அனுப்பினவனா, வண்டிக்கு உடையவனா என்பதை நாம் நமது பகுத்தறிவைக் கொண்டு கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

சாமான்களுக்குத் தண்டனை

தோழர்களே! உயிரில்லாத சாமான்களுக்குக் குற்றம் கற்பிக்கின்ற பழக்கம் மிகப் பழமையானது. கிரேக்க தேசத்தில் ஏதென்ஸ் நகரத்தில் ஒரு தனி நீதிமன்றமே இருந்தது. ஒரு கல்லோ, மரமோ, இரும்போ விழுந்து ஒரு மனிதன் செத்துப்போனால், அந்தக் கல்லையும் மரத்தையும் அங்கே விசாரணை செய்து, நாட்டின் எல்லைக்கு வெளியே கொண்டுபோய்ப் போடுவார்கள். கிறிஸ்தவர்களும் யூதர்களும் வேதமாகக் கொள்ளுகின்ற பழைய ஏற்பாட்டில், மனிதனை முட்டிக் கொன்ற மாட்டைக் கல்லால் அடித்துக் கொல்ல வேண்டும் என்று எழுதி வைத்திருக்கின்றது.

இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாக இன்னொரு சட்டம் இருந்தது. ஒரு வண்டிச் சக்கரம் ஏறி ஒருவன் செத்தால் அந்த வண்டியோ, அதன் விலையோ ராஜாவுக்குச் சேர வேண்டும். அதற்கு அவர்கள் வைத்த பெயரின் அர்த்தம் “கடவுளுக்குக் கொடுக்க வேண்டியது” என்பதாகும். செத்தவனுடைய பெண்சாதி பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள்; கடவுள் பெயரால் பணம் ராஜாவின் கஜானாவுக்குப் போகும். 1841ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 24ந்தேதி சன்னிங் என்ற இடத்தில் ரயில் தடம் புரண்டு பல தொழிலாளிகள் மாண்டுபோனபோது, விசாரணை செய்த ஜூரிகள் அந்த ரயில் எஞ்சினுக்கும் வண்டிகளுக்கும் 1,000 பவுன் என்று இந்தப் பழைய சட்டப்படியே விதித்தார்கள். பிறகு 1846இல்தான் இந்தச் சட்டத்தை ஒழித்தார்கள். அதே வருஷத்தில், பிறருடைய தவறால் செத்தவனுடைய குடும்பத்தார் நஷ்டஈடு கேட்கலாம் என்று புதுச் சட்டமும் செய்தார்கள். அதாவது கடவுளுக்குப் போன பணம் விதவைக்கும் குழந்தைக்கும் போகும்படி ஆயிற்று. ஒரு சமூகத்திற்குப் புத்தி வந்தது என்பதற்கு இதைவிட வேறு என்ன அடையாளம் வேண்டும்?

இதைக் கேட்டு வெள்ளைக்காரனைப் பார்த்து நாம் சிரிப்பதற்கு இடமில்லை. நம்முடைய யோக்கியதை என்ன? புது வண்டி வாங்கினால் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகின்றோம். விபத்தானால் “ராசியில்லாத வண்டி” என்று பாதி விலைக்குத் தள்ளுகின்றோம். பிரேக் தேய்ந்திருந்ததா, ஓட்டினவன் தூங்கினானா, ரோட்டில் பள்ளம் இருந்ததா என்று கேட்பவர் நூற்றுக்கு எத்தனை பேர்?

மனுநீதிச் சோழன் கதையைத்தான் எடுத்துக்கொள்ளுங்கள். அவனுக்குச் சென்னை ஐக்கோர்ட்டு வளாகத்தில் சிலைகூட வைத்திருக்கின்றார்கள். தேர்க்காலில் ஒரு கன்று விழுந்து செத்தது. அதற்காகத் தன் மகன்மேல் தேரை ஏற்றினான் என்பது கதை. இதை நீதிக்கு உதாரணம் என்று நமது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கின்றோம். தேரோட்டின பிள்ளைக்குக் கன்றைக் கொல்ல வேண்டும் என்ற எண்ணம் இருந்ததா? அவன் கவனக்குறைவாக ஓட்டினானா? கன்று தானாகவே குறுக்கே பாய்ந்ததா? இந்தக் கேள்விகளில் ஒன்றையாவது அந்த ராஜா கேட்டதாகக் கதையில் முக்கியமாக வருகின்றதா என்று பாருங்கள். இன்றைக்கு ஒரு சாதாரண மாஜிஸ்திரேட்டுகூட முதலில் அதைத்தான் கேட்பார். “தெரிந்து செய்தானா?” என்ற கேள்வி இல்லாத இடத்தில் நீதி இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு இன்றைய சட்டத்திற்கு வருவோம்.

பிடிப்பது வேறு, பறிப்பது வேறு

போலீசார் வண்டியைக் கொண்டுபோனவுடனே “வண்டி போய்விட்டது” என்று ஜனங்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுகின்றார்கள். இந்தப் பயத்தை வைத்தே தரகர்கள் பிழைக்கின்றார்கள். ஆகையால் இரண்டு காரியங்களைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று, கைப்பற்றுதல். ஒரு வண்டி குற்றத்திற்கு உபயோகப்பட்டது என்றோ, திருட்டு வண்டி என்றோ சந்தேகம் வந்தால், சாட்சியத்திற்காகப் போலீசார் அதைப் பிடித்து வைத்துக்கொள்வது. 2024 ஜூலை 1ந்தேதி முதல் அமுலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற சட்டத்தின் 106வது பிரிவு இதற்கு அதிகாரம் கொடுக்கின்றது. பழைய சட்டத்தில் இது 102வது பிரிவாக இருந்தது. இப்படிப் பிடிப்பதனால் வண்டியின் சொந்தம் மாறிவிடுவதில்லை. வண்டி உங்களுடையதுதான், காவலில் இருக்கின்றது, அவ்வளவுதான்.

மற்றொன்று, பறிமுதல். அது வண்டியின் சொந்தத்தையே உங்களிடமிருந்து பிடுங்கி சர்க்காருக்குச் சேர்ப்பது. இது ஒரு தண்டனைக்குச் சமானம். நோட்டீசு கொடுக்காமலும், உங்கள் பதிலைக் கேட்காமலும் இதைச் செய்ய முடியாது. ஸ்டேஷன் வாசலில் வண்டியை நிறுத்திவிட்ட மாத்திரத்தில் அது பறிமுதல் ஆகிவிடாது.

பிடித்த வண்டியை வழக்கு முடிகிறவரை என்ன செய்வது? இதற்குச் சுப்ரீம் கோர்ட்டு 2002லேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் என்ற குஜராத் வழக்கில் தெளிவாய்ச் சொல்லிவிட்டது. பிடித்த வண்டியை ஸ்டேஷனில் வருஷக்கணக்காய்ப் போட்டு வைப்பதில் யாதொரு பிரயோஜனமும் இல்லை. போட்டோ எடுத்து, மகஜர் எழுதி, பத்திரமும் ஜாமீனும் வாங்கிக்கொண்டு உடையவரிடம் மாஜிஸ்திரேட் சீக்கிரம் விட்டுவிட வேண்டும். எந்தச் சாமானும் 15 நாளிலிருந்து ஒரு மாதத்திற்குமேல் ஸ்டேஷனில் கிடக்கக்கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இப்போதைய சட்டத்தின் 497வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய்க் கணக்கு வைத்திருக்கின்றது. சாமான் கோர்ட்டு முன் வந்த 14 நாட்களுக்குள் அதன் விவரத்தை எழுத வேண்டும்; போட்டோவும், வேண்டுமானால் வீடியோவும் எடுக்க வேண்டும்; அதற்குப்பின் 30 நாட்களுக்குள் அதை யாரிடம் கொடுப்பது, என்ன செய்வது என்று உத்தரவு போட வேண்டும். அந்தப் போட்டோவே பிறகு விசாரணையில் சாட்சியமாக நிற்கும். வண்டி நிற்க வேண்டியதில்லை.

இவ்வளவு இருந்தும் எந்தப் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் போனாலும் என்ன பார்க்கின்றீர்கள்? டயர் மண்ணில் புதைந்து, சீட்டு கிழிந்து, சக்கரத்தின் கம்பிகளுக்கிடையே செடி முளைத்து நிற்கும் மோட்டார் சைக்கிள்களைப் பார்க்கின்றீர்கள். அவைகளில் குற்றவாளியின் வண்டியும் இருக்கலாம். திருட்டுக்கொடுத்தவனின் வண்டியும் இருக்கலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனியினுடையதும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மழை ஒரே தண்டனையைக் கொடுக்கின்றது. யாருக்கும் பயனில்லாமல் ஒரு பொருள் துருப்பிடித்துப் போவதை நீதி என்று எப்படிச் சொல்ல முடியும்?

அரிசி, கஞ்சா, மணல்

நிற்க, சில தனிச் சட்டங்கள் இருக்கின்றன. அவைகளில்தான் நம் ஜில்லாக்காரர்கள் அதிகமாய் மாட்டிக்கொள்ளுகின்றார்கள். ஏனெனில் நமது ஜில்லா எல்லை ஜில்லா. ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரா. ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் ஆந்திரா. எல்லை உள்ள இடத்தில் கடத்தலும் உண்டு.

முதலாவது ரேஷன் அரிசி. ஏழைக்கு இலவசமாய்க் கொடுக்கின்ற அரிசியைச் சேர்த்து எல்லை தாண்டிக் கொண்டுபோய் விற்பது இங்கு தெரியாத காரியமல்ல. இதற்கு 1955ஆம் வருஷத்து அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் இருக்கின்றது. அதில் 6-ஏ பிரிவின்படி அரிசியை மாத்திரமல்லாமல், அதை ஏற்றிய வண்டியையும், படகையும், ஏன், வண்டி இழுத்த மாட்டையும்கூடக் கலெக்டர் பறிமுதல் செய்யலாம். மாட்டுக்கு ரேஷன் கார்டு உண்டா, அதற்கு எல்லைதான் தெரியுமா என்று கேட்காதீர்கள். சட்டத்தில் மிருகம் என்றும் இருக்கின்றது.

ஆனால் அதே பிரிவில் ஒரு சலுகையும் இருக்கின்றது. வாடகைக்கு ஓடும் வண்டியானால், பறிமுதலுக்குப் பதிலாக அபராதம் கட்டும் வாய்ப்பை உடையவருக்குக் கொடுத்தே தீர வேண்டும். அந்த அபராதம், ஏற்றிய அரிசியின் அன்றைய சந்தை விலைக்கு மேற்படக்கூடாது. வண்டியின் விலையைக் கணக்கிட்டு அபராதம் போட முடியாது. இது எத்தனை ஆட்டோக்காரருக்குத் தெரியும்? தெரியாத காரணத்தினாலேயே எத்தனை வண்டிகள் ஏலத்திற்குப் போகின்றனவோ! கலெக்டரின் உத்தரவின்மேல் ஒரு மாதத்திற்குள் மேல்முறையீடும் செய்யலாம்.

இரண்டாவது கஞ்சா முதலிய போதை வஸ்துகள். வடக்கேயிருந்து சென்னைக்கு வரும் கல்கத்தா ரோடு கும்மிடிப்பூண்டி வழியாகத்தான் வருகின்றது. எளாவூர் சோதனைச் சாவடியில் பிடிபட்ட செய்திகளைப் பத்திரிகைகளில் படிக்கின்றீர்கள். 1985ஆம் வருஷத்துச் சட்டத்தின் 60வது பிரிவு, இந்தச் சரக்கை ஏற்றிய எந்த வாகனமும் பறிமுதலுக்கு உள்ளாகும் என்று சொல்லுகின்றது.

மூன்றாவது ஆற்று மணல். நமது கொசஸ்தலை ஆற்றிலும் ஆரணி ஆற்றிலும் மணல் அள்ளப்படுவதைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1957ஆம் வருஷத்துச் சுரங்கம், கனிமங்கள் சட்டத்தின் 21வது பிரிவின்படி அனுமதியில்லாமல் மணல் எடுத்தால் 5 வருஷம்வரை சிறை, வண்டியையும் பிடிக்கலாம், கோர்ட்டு உத்தரவினால் அதைப் பறிமுதலும் செய்யலாம். 2018 அக்டோபர் 29ந்தேதி சென்னை ஐக்கோர்ட்டின் மதுரைக் கிளை, மணல் கடத்திய வண்டிகளை விடக்கூடாது, பறிமுதல் நடவடிக்கைதான் எடுக்க வேண்டும் என்று கடுமையாய் உத்தரவிட்டது. அதற்குப் பிறகு பணம் கட்டச்சொல்லி, நிபந்தனை போட்டு விட்ட உத்தரவுகளும் உண்டு.

“தெரியாது” என்பது யார் சொல்ல வேண்டியது?

இப்பொழுது முக்கியமான இடத்திற்கு வருகின்றேன். கவனமாய்க் கேளுங்கள்.

சாதாரணமாக ஒருவன் குற்றம் செய்தான் என்று சர்க்கார்தான் ருஜுப்படுத்த வேண்டும். ஆனால் அரிசிச் சட்டத்திலும் கஞ்சாச் சட்டத்திலும் வண்டி விஷயத்தில் இது தலைகீழாய் இருக்கின்றது. “எனக்குத் தெரியாது” என்பதை வண்டிக்கு உடையவர்தான் ருஜுப்படுத்த வேண்டும். தனக்குத் தெரியாது என்று மாத்திரம் காட்டினால் போதாது. தன்னுடைய ஏஜெண்டுக்கும் தெரியாது, வண்டியின் பொறுப்பில் இருந்தவனுக்கும் தெரியாது, அத்தனை பேரும் வேண்டிய ஜாக்கிரதை எடுத்துக்கொண்டார்கள் என்றும் காட்ட வேண்டும்.

இதன் அர்த்தம் என்ன? ஒரு விதவைத் தாய் இருக்கின்றாள். புருஷன் விட்டுப்போன ஒரே சொத்து ஒரு மினி லாரி. ஒரு டிரைவரை வைத்து ஓட்டி ஜீவனம் செய்கின்றாள். அந்த டிரைவர் ஒரு நாள் இரவு யாரிடமோ 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டு பத்து மூட்டை அரிசியை ஏற்றுகின்றான். அந்த அம்மாளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் டிரைவருக்குத் தெரியும். டிரைவர் என்பவன் “வண்டியின் பொறுப்பில் இருந்தவன்”. ஆகவே சட்டத்தின் எழுத்துப்படி அந்த அம்மாள் தப்புவது கஷ்டம். சரக்கு முதலாளி எங்கே? அவன் வீட்டில் தூங்குகின்றான். டிரைவர் ஜாமீனில் வந்து வேறு வண்டி ஓட்டுகின்றான். வண்டியை இழந்து நிற்பவள் இந்த அம்மாள்தான். ஏதென்ஸில் கல்லைத் தண்டித்தார்கள் என்று சிரித்தோமே, இங்கே வண்டியைத் தண்டிக்கின்ற பெயரால் ஒன்றும் அறியாத ஒருத்தி தண்டிக்கப்படுகின்றாள். கல்லைத் தண்டித்தால் கல்லுக்காவது வலிக்காது!

நமது நாட்டில் மாத்திரம் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் ஒரு பெண்மணி தன் புருஷனோடு கூட்டாக ஒரு பழைய கார் வாங்கினாள். அந்தக் காரில் புருஷன் ஒரு விலைமாதோடு பிடிபட்டான். காரைச் சர்க்கார் பறிமுதல் செய்தது. துரோகம் செய்யப்பட்டவள் அவள். அவளுடைய பங்கும் போயிற்று. 1996இல் அந்த நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து ஜட்ஜுகள் இது செல்லும் என்றார்கள். நான்கு ஜட்ஜுகள் செல்லாது என்றார்கள். ஒரு ஜட்ஜு வித்தியாசத்தில் அவள் தோற்றாள். பிறகு 2000இல் அங்குள்ள மத்திய சர்க்கார் சட்டத்தில் குற்றமறியாத உடையவருக்குப் பாதுகாப்பு வைத்தார்கள். 2019இல் இண்டியானா மாகாணத்து வழக்கொன்றில், அதிகபட்ச அபராதமே 10,000 டாலராயிருக்க, சுமார் 42,000 டாலர் பெறுமானமுள்ள காரைப் பறிக்கப் பார்த்தார்கள். அளவுக்கு மிஞ்சிய அபராதம் கூடாது என்ற விதி மாகாணங்களையும் கட்டுப்படுத்தும் என்று அதே சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜுகள் எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். அறிவு மெதுவாகத்தான் நடக்கின்றது, ஆனால் நடக்கின்றது.

நம் நாட்டிலும் 2025 ஜனவரி 7ந்தேதி ஒரு நல்ல தீர்ப்பு வந்திருக்கின்றது. அஸ்ஸாமில் ஒருவர் தவணைக்கு வாங்கிய லாரி. அதுதான் அவருக்கு ஜீவனம். அந்த லாரியில் இருந்த மூன்றாம் மனிதன் ஒருவன் சோப்புப் பெட்டிகளில் 24.8 கிராம் ஹெராயினை ஒளித்துவைத்துக் கொண்டுவந்தான். உடையவரும் குற்றவாளியல்ல, டிரைவரும் குற்றவாளியல்ல என்று போலீசாரின் குற்றப்பத்திரிகையே சொல்லியது. இருந்தும் கீழ்க் கோர்ட்டும் ஐக்கோர்ட்டும் லாரியை விட மறுத்துவிட்டன. சுப்ரீம் கோர்ட்டு விட உத்தரவிட்டது. அதற்கு அது சொன்ன காரணத்தில் எவ்வளவு பகுத்தறிவு இருக்கின்றது பாருங்கள். பிரயாணி ஒருவன் பையில் போதை வஸ்து அகப்பட்டால், வழக்கு முடிகிறவரை ஆகாய விமானத்தையும் பஸ்ஸையும் பிடித்து வைத்துக்கொள்வீர்களா என்ற நியாயம்தான் அது. பெரிய கம்பெனியின் விமானத்தை விடுகின்றவர்கள் ஏழையின் லாரியை மாத்திரம் பிடித்துவைப்பது எந்த நீதி?

அந்தத் தீர்ப்பில் நான்கு வகை பிரித்தார்கள். சரக்கு உடையவரிடமே அகப்பட்டது. அவருடைய டிரைவர், கிளீனரிடம் அகப்பட்டது. திருட்டுப்போன வண்டியில் அகப்பட்டது. சம்பந்தமில்லாத பிரயாணியிடம் அகப்பட்டது. முதல் இரண்டிலும் உடையவர் தன் பக்கத்தை ருஜுப்படுத்தாதவரை வண்டி கிடைப்பது கடினம். பின் இரண்டிலும் நிபந்தனையோடு சாதாரணமாக விட்டுவிட வேண்டும். இது நல்லதுதான். ஆனால் நான் சொன்ன விதவைத் தாய் இரண்டாவது வகையில் அல்லவா மாட்டிக்கொண்டிருக்கின்றாள்? ஆகவே பாதி தூரம்தான் வந்திருக்கின்றோம்.

கடத்தலுக்கு வக்காலத்தா?

சில தோழர்கள் கேட்கலாம்: “அப்படியானால் மணல் லாரியையும் அரிசி லாரியையும் விட்டுவிடச் சொல்லுகின்றாயா?” என்று.

ஒருக்காலும் இல்லை. ஆற்று மணல் போனால் கிணற்று நீர் போகும். கிணற்று நீர் போனால் பயிர் போகும். ரேஷன் அரிசி போனால் ஏழை வீட்டுச் சோறு போகும். தெரிந்தே இதைச் செய்கின்றவனுடைய லாரியைப் பறிமுதல் செய்வது நியாயமே. 5,000 ரூபாய் அபராதம் கட்டிவிட்டு மறுநாள் அதே லாரியோடு அதே ஆற்றில் இறங்குகின்றவனுக்கு லாரி போனால்தான் உறைக்கும். அபராதத்தை அவன் தொழில் செலவில் எழுதிக்கொள்ளுகின்றான்.

நான் கேட்பது வேறு. நமது ஊர் மாட்டுவண்டிக்காரன் ஒரு வண்டி மணலோடு பிடிபட்டால் அவன் மாடும் வண்டியும் போகின்றது. வருஷம் முழுவதும் ஜீவனம் போகின்றது. நாற்பது லாரி வைத்திருப்பவனுக்கு ஒரு லாரி பிடிபட்டால் முப்பத்தொன்பது ஓடுகின்றது. இருவருக்கும் ஒரே சட்டம். ஆனால் ஒரே தண்டனையா? வண்டியைப் பிடிப்பதோடு காரியம் முடிந்தது என்று உத்தியோகஸ்தர்கள் திருப்தியடைந்துவிட்டால், அனுப்பினவன் யார், வாங்கினவன் யார், எந்தக் கிடங்கிலிருந்து வந்தது, எந்த மில்லுக்குப் போகின்றது என்ற விசாரணை ரோட்டிலேயே நின்றுவிடுகின்றது. வண்டி பேசாது, ஆகையால் அதன்மேல் வழக்குப்போடுவது சுலபம். பேசக்கூடிய முதலாளியைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

விபத்து விஷயத்தில் பாருங்கள். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி ஒருவனைக் கொன்றால், உடையவர் நஷ்டஈட்டுக்கு ஜாமீன் கொடுக்காதவரை வண்டியை விடக்கூடாது, கொடுக்காவிட்டால் வண்டியை ஏலம் விட்டு அந்தப் பணத்தை நஷ்டஈட்டு மன்றத்தில் கட்ட வேண்டும் என்று விதி செய்யும்படி 2018இல் சுப்ரீம் கோர்ட்டு மாகாண சர்க்கார்களுக்குச் சொல்லியது. இதை நான் முழுமனதோடு வரவேற்கின்றேன். இங்கே வண்டியைப் பிடிப்பதற்கு ஓர் அர்த்தம் இருக்கின்றது. செத்தவனுடைய குடும்பத்திற்குச் சோறு கிடைக்கின்றது. வண்டியைப் பிடிப்பதால் யாருக்கு என்ன பயன் என்பதுதான் கேள்வியாய் இருக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

தோழர்களே! சட்டம் திருந்துகிறவரை காத்துக்கொண்டிருக்க முடியாது. ஆகையால் சில காரியங்களைச் சொல்லிவிடுகின்றேன்.

வண்டியை வாடகைக்கு விடும்போது யாருக்கு, எங்கே, என்ன சரக்கு என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பில் இல்லாத சரக்கை ஏற்றக்கூடாது என்று எழுதிக் கொடுத்து அதற்கும் கையெழுத்து வாங்குங்கள். “ஜாக்கிரதை எடுத்துக்கொண்டேன்” என்பதற்கு நாளைக்கு அந்த நோட்டுத்தான் சாட்சி. வாய் வார்த்தைக்குக் கோர்ட்டில் விலை குறைவு.

விற்ற வண்டிக்குப் பெயர் மாற்றாமல் விடாதீர்கள். 29, 30ஆம் நம்பர் பாரங்களில் கையெழுத்துப் போட்டு வாங்கினவன் கையில் கொடுத்துவிட்டதோடு தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். விற்ற 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நீங்களே தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் அவன் செய்யும் குற்றத்திற்கு உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

பதினெட்டு வயது ஆகாத பையனிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். 2019இல் சேர்த்த 199-ஏ பிரிவின்படி பையன் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டிக்கு உடையவருக்கோ 3 வருஷம்வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் ரிஜிஸ்தர் 12 மாதம் ரத்து. இதை அக்கிரமம் என்று நான் சொல்லமாட்டேன். இங்கே தெரிந்து கொடுத்த குற்றம் பெரியவர்களுடையது.

வண்டி பிடிபட்டால் மகஜர் நகல் கேளுங்கள். அதில் வண்டி நம்பர், என்ஜின் நம்பர், டயர், பேட்டரி, ஸ்டெப்னி எல்லாம் எழுதியிருக்கின்றதா என்று பாருங்கள். எழுதாத சாமான் திரும்பி வருவது அபூர்வம். விபத்து வண்டியானால், மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் பார்வையிட வேண்டிய வேலைகளுக்குப் பிறகு 24 மணி நேரத்திற்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 136வது பிரிவு சொல்லுகின்றது. மற்றவைகளுக்கு ஆர்.சி. புத்தகம், இன்ஷூரன்ஸ், கடன் பத்திரம் ஆகியவற்றோடு உரிய கோர்ட்டில் மனுப்போடுங்கள். வக்கீல் வைக்கப் பணமில்லாவிட்டால் கோர்ட்டிலேயே இலவசச் சட்ட உதவி மையம் இருக்கின்றது. தரகனிடம் போகாதீர்கள், தெய்வத்திடமும் போகாதீர்கள். ஸ்டேஷனில் நிற்கும் வண்டியை மனுத்தான் வெளியே கொண்டுவரும், மாவிளக்கு கொண்டுவராது. பறிமுதல் நோட்டீசு வந்தால், “என்ன ஆகிறதோ ஆகட்டும்” என்று மூலையில் போட்டுவிடாமல் தவணைக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். பதில் கொடுக்காதவன் ஒப்புக்கொண்டவன் ஆகிவிடுகின்றான்.

முடிவாக, நாம் சர்க்காரைக் கேட்க வேண்டியவை மூன்று. டிரைவர் செய்த குற்றத்திற்காக, ஜாக்கிரதையாய் இருந்தும் ஒன்றும் அறியாத உடையவரின் வண்டியைப் பறிக்கக்கூடாது என்று சட்டத்தைத் திருத்த வேண்டும். சட்டத்தில் எழுதியிருக்கின்ற 14 நாள், 30 நாள் தவணைகள் காகிதத்தில் இல்லாமல் காரியத்தில் நடக்க வேண்டும். வண்டி பிடிபட்ட ஒவ்வொரு வழக்கிலும், சரக்கை அனுப்பினவன் யார், வாங்க இருந்தவன் யார் என்ற இரண்டு பெயர்களும் குற்றப்பத்திரிகையில் வரும்படி விசாரணை நடக்க வேண்டும்.

வண்டிக்கு மனம் கிடையாது. ஆகையால் அதற்குப் பாவமும் கிடையாது, ராசியும் கிடையாது. மனம் உள்ளவன் எங்கே இருக்கின்றானோ அங்கேதான் குற்றமும் இருக்கின்றது. சட்டம் அவனைத் தேடிப் போகட்டும்.